சிவப்புக் கோட்டுக்குள் ஒரு காம்பரா

போட்டிக்கு இன்னும் எழுபது நாள் இருந்தபோது விஜயலெட்சுமியைச் சொந்த வீட்டை விட்டு வெளியே போகச் சொன்னார்கள். சொன்னது தோட்டத்துத் துரை இல்லை, பொலிஸும் இல்லை. வரைபடம் பார்த்து ஓடும் போட்டியை நடத்துகிற சங்கம்.

அது என்ன போட்டி என்று கேட்காத ஆள் பூனாகலைப் பக்கம் கிடையாது. கையில் ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி. காட்டிலும் மலையிலும் அங்கங்கே செம்மஞ்சளும் வெள்ளையுமாக முக்கோணத் துணி கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அதை ஒவ்வொன்றாக, வரிசை மாறாமல் தேடிப் பிடித்து, விரலில் மாட்டிய மின்னணுச் சிப்பை அங்குள்ள பெட்டியில் தொட்டுவிட்டு, முதலில் வந்து சேர்கிறவருக்கு வெற்றி. பாதை எதுவென்று யாரும் காட்டமாட்டார்கள். அவரவர் புத்திதான் பாதை. விஜயலெட்சுமி இதை மூன்று வருடமாக எல்லோருக்கும் சொல்லி, வாய் வலித்து, கடைசியில் "ஒளிச்சு வச்சதக் கண்டுபுடிக்கிற வெளையாட்டு" என்று சுருக்கிக்கொண்டாள்.

அவளுக்கு முப்பத்தேழு வயது. பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவில் கொழுந்து எடுக்கிறாள். புருஷன் அழகர் அதே பிரிவில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவன். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் நாலாவது காம்பரா, அதாவது நாலாவது அறை, அவர்களுடையது. மகள் லக்ஷிகா படிக்கிற பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர் ஹம்ஸியாதான் இவளை இதில் இழுத்துவிட்டவர். விளையாட்டு விழாவில் பெற்றோருக்கென்று நாற்காலியைச் சுற்றும் கதிரை ஓட்டம் வைத்து அலுத்துப்போய், ஒரு வருடம் ஆளுக்கொரு வரைபடத்தைக் கொடுத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலுள்ள குன்றில் துணி தேட விட்டார். மற்றத் தாய்மார் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துச் சிரித்துக்கொண்டு நின்றபோது விஜயலெட்சுமி எட்டுத் துணியையும் தொட்டுவிட்டு வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

அதில் அதிசயம் ஒன்றுமில்லை. வரைபடத்தில் மலையைக் காட்டும் பழுப்புக் கோடுகளைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. தேயிலை மலையில் சரிவுக்குக் குறுக்கே வெட்டியிருக்கும் தண்ணீர்க் கான்களைத் தாளில் வரைந்தால் அப்படித்தான் இருக்கும். கான் நெருக்கமாக ஓடினால் மலை செங்குத்து. விலகி ஓடினால் நடக்கலாம். இருபது வருடமாகத் தேயிலை நிரை பிடித்து ஏறி இறங்கிய கால், பள்ளத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். கண் வரைபடத்தில் இருந்தால் போதும். மற்றவர்கள் காசு கட்டிப் பயிற்சி முகாமில் படிப்பதை இவள் தலையில் கூடையைத் தொங்கவிட்டுக்கொண்டு படித்திருந்தாள், அவ்வளவுதான்.

முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கென்று அந்த வருடம் மூன்று நாடுகளில் மூன்று சுற்று வைத்தார்கள். சங்கம் டிக்கெட் போட்டது, சப்பாத்து டீச்சர் வாங்கினார். மூணாறில் நாலாவதாக வந்தாள். நேபாளத்தில் முதலாவது. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் பட்டியலில் அவள் பெயர் உச்சியில் இருந்தது. சங்கத்துக்காரர்கள் அவள் படத்தை முகநூலில் போட்டு மேலே 'தோட்டத்துத் தாய்' என்று எழுதினார்கள். அதற்கே அவளுக்கு முதல் கோபம் வந்தது. இரண்டாவதாக வந்த கொழும்பு டொக்டருக்கும் மூன்று பிள்ளைகள். அந்தம்மாவை யாரும் தாய் என்று போடவில்லை, பெயரைத்தான் போட்டார்கள். ஓடினது நான், பெத்ததுக்கா மெடல் குடுத்தாங்க என்று டீச்சரிடம் கேட்டாள். டீச்சர் சிரித்துச் சமாளித்தார்.

மூன்றாவது, கடைசிச் சுற்று பூனாகலை மலைகளில் என்று அறிவித்தார்கள். லயமே குதித்தது. அந்தச் சந்தோசம் ஒரு மணித்தியாலம் நீடித்திருக்கும். பின்னேரம் போனுக்கு ஒரு வரைபடம் வந்தது. அதில் மலையைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்கு உட்பட்ட இடத்துக்குள் போட்டி நாள்வரை எந்தப் போட்டியாளரும் நுழையக்கூடாது என்று கீழே எழுதியிருந்தது. விஜயலெட்சுமி விரலால் பெருப்பித்துப் பார்த்தாள். கோட்டுக்கு நடுவில், சின்னச் சாம்பல் கட்டமாக, அவளுடைய லயம்.

பதுளையிலிருந்து கனகரத்தினம் பேசினார். சங்கத்தின் மாகாணப் பொறுப்பு அவரிடம். சாவகச்சேரிக்காரர், மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. ஆனால் எழுதிவைத்த ஒன்றைக் கண்டால் அதற்கு மேல் யோசிக்கமாட்டார்.

"பிள்ளை, வரைபடம் கிடைச்சுதோ? அந்தக் கோட்டுக்குள்ள நீர் போகேலாது, விளங்குதோ?"

"சேர், நான் இப்ப அதுக்குள்ளதாங்க நிக்கிறேன்."

"எப்பிடிப் போனீர்?"

"பொறந்து போனேன் சேர்."

அந்தப் பக்கம் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அவர் விதியை விளக்கினார். இடத்தை முன்கூட்டியே தெரிந்தவருக்கு ஓட்டத்தில் அனுகூலம், மற்றவர்களுக்கு அநியாயம். எனவே யாரும் முதலில் போய்ப் பார்க்கக்கூடாது. உலகம் முழுக்க இதுதான் சட்டம். ஒன்று, போட்டியிலிருந்து விலகலாம். அல்லது அன்றிலிருந்து போட்டி நாள்வரை கோட்டுக்கு வெளியே குடியிருக்கலாம். இதுவரை தெரிந்ததை ஒன்றும் செய்யமுடியாது, அதைக் குழு மன்னிக்கும் என்றார்.

மன்னிக்கும் என்ற சொல்தான் அவளைக் குத்தியது. பிறந்ததற்கு மன்னிப்பு.

விதியின் நியாயம் அவளுக்குப் புரியாமலில்லை. நேபாளத்தில் ஓடியபோது அங்கத்துப் பெண்கள் முதல் நாள் போய்க் காட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தால் இவளே சண்டைக்குப் போயிருப்பாள். ஆனால் அந்த நேபாளத்துப் பெண்கள் நகரத்தில் குடியிருந்தார்கள். ஓடுவதற்குத்தான் காட்டுக்கு வந்தார்கள். இந்த விதியை எழுதியவருக்கு மலை என்றால் வெறும் மலை. அங்கே ஆட்கள் குடியிருப்பார்கள் என்பதும், அதில் ஒருத்தி ஓடவும் வருவாள் என்பதும் அவர் கனவிலும் இல்லை.

விலகிவிடு என்று அழகர் சொல்லவில்லை. "போய்ட்டு வா, புள்ளைங்கள நான் பாத்துக்கிறேன்" என்றான். அவள் இரண்டு சேலையையும் ஓடுகிற சப்பாத்தையும் பையில் போட்டுக்கொண்டு பண்டாரவளையில் தங்கச்சி வீட்டுக்குப் போனாள். ஒரு அறை வீடு. ஏற்கெனவே ஐந்து பேர். தங்கச்சி புருஷன் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சாப்பிடும்போது ஒவ்வொரு நாளும் போட்டி எப்போது என்று கேட்டான். சும்மா இருக்கக்கூடாதென்று பகலில் சந்தையில் ஸரூக் என்பவரின் மரக்கறிக் கடையில் வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸைத் துப்புரவாக்கப் போனாள். விடியக்காலை தார் ரோட்டில் ஓடினாள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் பஸ்ஸில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சின்னவன் அனுஷன் முதல் வாரம் அழுதான், மூன்றாம் வாரம் அழவில்லை. அழாததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அவளைத் தவிர எல்லோருக்கும் அந்தக் கோடு திறந்தே கிடந்தது. எல்லவிலிருந்து சுற்றுலாக்காரர் கூட்டம் கூட்டமாக வந்து நிரைக்குள் நின்று படம் பிடித்தார்கள். போட்டிக்கு வரைபடம் வரைய வந்த வெள்ளைக்காரர் ஒருவர் தினமும் மலை ஏறினார். மாடு போனது, நாய் போனது. அவள் மட்டும் பண்டாரவளைச் சந்தையில் நின்று, மேலே மேகத்துக்குள் தன் மலை எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அழகரிடமிருந்து போன் வந்தது. இராக்கம்மாவைக் குளவி கொட்டிவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

இராக்கம்மா பக்கத்துக் காம்பரா. நடுவில் ஒரு சுவர், அதுவும் கூரைவரை போகாது. இவள் வீட்டில் கருவாடு பொரித்தால் அவள் அங்கிருந்து தும்முவாள். பதினைந்து வருடம் மலையில் அடுத்தடுத்த நிரையில் கொழுந்து எடுத்தவர்கள். ஆறாம் நம்பர் மலையில் பெரிய மரத்தில் குளவிக்கூடு இருக்கிறதென்று இரண்டு பேரும் சேர்ந்துதான் கங்காணியிடம் சொன்னார்கள். கங்காணி கிளாக்கரிடம் சொன்னார். கிளாக்கர் கொப்பியில் எழுதினார். எழுதி மூன்று வருடம். கூடு மண்பானை அளவிலிருந்து அண்டா அளவுக்கு வளர்ந்தது. இராக்கம்மாவுக்கு நாற்பத்தெட்டு வயது.

விஜயலெட்சுமி கனகரத்தினத்துக்குப் போன் போட்டு, இழவுக்குப் போகவேண்டும், அனுமதி வேண்டும் என்றாள். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு, எழுதித் தரும்படியும், வெள்ளிக்கிழமை குழு கூடி முடிவெடுக்கும் என்றும் சொன்னார்.

"பொணம் வெள்ளிக்கெழம வரைக்கும் இருக்காதுங்க சேர்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அவர்கள் லயத்தில் ஒரு முறை இருக்கிறது. சாவு விழுந்த காம்பராவில் அடுப்பு எரியாது. சுவரைப் பங்குபோடுகிற காம்பராக்காரிதான் வந்தவர்களுக்கெல்லாம் சோறாக்க வேண்டும். யாரும் கேட்கவும்மாட்டார்கள், சொல்லவும்மாட்டார்கள். அழகர் நல்லவன்தான், ஆனால் அறுபது பேருக்கு உலை வைக்கத் தெரியாது. இராக்கம்மா உயிரோடு இருந்து விஜயலெட்சுமி செத்திருந்தால், எந்தச் சங்கம் என்ன கோடு போட்டாலும் இராக்கம்மா அதைத் தாண்டி வந்து அடுப்பை மூட்டியிருப்பாள்.

ஸரூக் ஒரு மூட்டை மரக்கறி கொடுத்தனுப்பினார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் லயத்துக்குப் போக மலைக்குள்ளால் ஒரு குறுக்குப் பாதை உண்டு, பத்து நிமிசம். தார் ரோடு வளைந்து வளைந்து போனால் முக்கால் மணித்தியாலம். விஜயலெட்சுமி தலையில் மூட்டையோடு தார் ரோட்டாலேயே போனாள். மலைப்பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. எதிரே வந்த பெண்கள் இவளுக்கு என்ன கிறுக்கா என்று பார்த்தார்கள். இரண்டு நாள் அடுப்படியிலேயே கிடந்தாள். சோறாக்கினாள், பாத்திரம் தேய்த்தாள், அழவேண்டிய நேரத்தில் அழுதாள். மூன்றாம் நாள் அதே தார் ரோட்டால் இறங்கிப் பஸ் ஏறினாள்.

விசயத்தைக் கேட்ட ஹம்ஸியா டீச்சர் வாயை மூடிக்கொண்டிருக்கச் சொன்னார். யார் பார்த்தது, யார் கேட்கப் போகிறார்கள் என்றார். அவர் சொன்னது சரிதான். ஒருத்தரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

ஆனால் லயத்தில் வளர்ந்தவளுக்கு ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. பிள்ளை பிறந்தால் தோட்டத்து ஆபீசுக்கு ஒரு துண்டுத் தாள், ஆள் செத்தால் துண்டு, சொந்தக்காரர் இரண்டு நாள் தங்கினால் அதற்கும் ஒரு துண்டு. சொல்லாமல் செய்தால்தான் குற்றம், சொல்லிவிட்டால் முடிந்தது என்று தாய் வயிற்றிலேயே படித்துக்கொண்டு வருகிறார்கள். விஜயலெட்சுமி தங்கச்சி மகனின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, இன்ன திகதியிலிருந்து இன்ன திகதிவரை பக்கத்துக் காம்பரா இராக்கம்மாவின் இழவுக்குப் போய்வந்தேன், மலையில் கால் வைக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, படம் பிடித்துக் கனகரத்தினத்துக்கு அனுப்பினாள். அனுப்பிய கையோடு மனது லேசாகி ஒரு பிளேன்டீ ஊற்றிக் குடித்தாள்.

எட்டு நாளில் பதில் வந்தது. தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் நுழைந்ததாகப் போட்டியாளரே ஒப்புக்கொண்டிருப்பதால் அவர் தகுதி நீக்கப்படுகிறார். ஆங்கிலத்தில் ஒரு பக்கம், சிங்களத்தில் ஒரு பக்கம். தமிழில் அவள் பெயர்கூட இல்லை. டீச்சர்தான் வாசித்துச் சொன்னார்.

அன்று பின்னேரமே அழகர் போனில் இன்னொரு செய்தி சொன்னான். கொழும்பிலிருந்து வலை உடுப்புப் போட்ட நாலு பேர் வந்து, ஆறாம் நம்பர் மலையில் குளவிக்கூட்டை எடுத்துவிட்டுப் போனார்களாம். ஆறாம் நம்பரில் ஒன்று, எட்டாம் நம்பரில் இரண்டு. ஒரே காலையில் மூன்றும் முடிந்தது. ஓடுகிறவர்களுக்கு ஆபத்தென்று போட்டி நடத்துகிறவர்கள் எடுக்கச் சொன்னார்களாம்.

விஜயலெட்சுமி போனை வைத்தாள். கையிலிருந்த லீக்ஸை இரண்டாக முறித்தாள்.

அடுத்த நாள் டீச்சரையும் கூட்டிக்கொண்டு பதுளைக்குப் போனாள். சங்கத்து ஆபீசில் மேசைக்கு அந்தப் பக்கம் கனகரத்தினமும் வரைபடம் வரைந்த அந்த வெள்ளைக்காரரும் இருந்தார்கள். போட்டியின் மேற்பார்வையும் அவர்தானாம். இவள் பேசப் பேச டீச்சர் அவருக்கு இங்கிலீசில் சொன்னார்.

முதலில் கனகரத்தினம் விதிப் புத்தகத்தைத் திறந்தார். அவள் அதை மூடச் சொன்னாள். மரியாதையாகத்தான் சொன்னாள், ஆனால் அவர் மூடிவிட்டார்.

"சேர், நான் பொய் சொல்லியிருந்தா இன்னிக்கு ஓடுவேன். இல்லீங்களா?"

"அது... அப்பிடிச் சொல்லக்கூடாது."

"சொல்லலைங்க, கேக்கிறேன்."

அவர் விதிப் புத்தகத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"சரி, அது போகட்டும். மூணு வருசமா அந்தக் கூட்ட எடுங்கன்னு கத்துனோம். எடுக்கல. ஒருத்தி செத்தா. அப்பவும் எடுக்கல. ஓட வாறவங்களுக்குக் கொட்டிரும்னதும் ஒரு காலையில எடுத்துட்டாங்க. அப்ப எடுக்க முடியாம இல்ல. எங்களக் கொட்டுனா பரவால்ல, அவ்வளவுதான."

டீச்சர் இதை இங்கிலீசில் சொல்லத் தொடங்கி நடுவில் நிறுத்திவிட்டுத் திரும்பவும் தொடங்கினார். வெள்ளைக்காரருக்கு ஒருத்தி செத்த விசயமே தெரிந்திருக்கவில்லை. மலையில் கூடு கண்டேன், எடுக்கச் சொன்னேன், அவ்வளவுதான் தெரியும் என்றார். முகம் சிவந்துபோயிருந்தது. கனகரத்தினத்தோடு தாழ்ந்த குரலில் ஏதோ பேசினார். பிறகு டீச்சர் மூலமாக ஒரு வழி சொன்னார்: விதியை மாற்ற அவருக்கு அதிகாரமில்லை. ஆனால் விஜயலெட்சுமி விரும்பினால் போட்டிக்கு வெளியே ஓடலாம். இலக்கம் கொடுப்பார்கள், நேரமும் குறிப்பார்கள், பட்டியலில் மட்டும் சேர்க்கமாட்டார்கள்.

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார் என்பது அவளுக்குத் தெரிந்தது. அதனால்தான் இன்னும் எரிந்தது.

"டீச்சர், அவர்கிட்டச் சொல்லுங்க. எடுத்த கொழுந்த நிறுக்காமக் கொட்டச் சொன்னா எந்தப் பொம்பள கொட்டுவா? கணக்குல வராத ஓட்டம் எனக்கு வேணாம்."

ஓடவேண்டாம் என்று அவளே சொன்ன அந்த நிமிசம் உள்ளே எதுவோ அறுந்தது. நேபாளத்தில் கடைசித் துணியைத் தொட்டுவிட்டு இறங்கி வந்தபோது காதில் கேட்ட காற்று ஞாபகம் வந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. அதை இந்த மேசைக்கு முன்னால் விடக்கூடாதென்று சேலை முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நீக்கக் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

காரணத்தைத் திருத்தித் தரவேண்டும் என்றாள். தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் நுழைந்தாள் என்று எழுதினால், நாளைக்கு வாசிக்கிற ஆள் இவள் கள்ளத்தனமாக மலையைப் பார்க்கப் போனாள் என்றுதான் நினைப்பான். அவள் போனது வீட்டுக்கு. அதை அப்படியே எழுதவேண்டும்.

"அப்பிடி ஒரு காரணம் படிவத்தில இல்லை, பிள்ளை. எட்டுக் காரணம்தான் இருக்கு."

"அப்ப ஒம்பதாவதா எழுதுங்க."

கனகரத்தினம் முப்பது வருட உத்தியோகத்தில் படிவத்துக்கு வெளியே ஒரு வரி எழுதியிருக்கமாட்டார். வெள்ளைக்காரரைப் பார்த்தார். அவர் தலையாட்டினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பேனையை எடுத்து, கட்டங்களுக்குக் கீழே வெற்றிடத்தில் தமிழில் எழுதினார்: போட்டியாளர், அயலவரின் மரணச் சடங்குக்காகத் தனது சொந்த வீட்டுக்குச் சென்றமையால். முத்திரை குத்தினார். 

எழும்பும்போது அவள் இன்னொன்று கேட்டாள். அந்த வலை உடுப்புக்காரர்களின் நம்பர். ஒன்பதாம் நம்பர் மலையில் இரண்டு கூடு இருக்கிறது, அங்கே யாரும் ஓடப் போவதில்லை என்பதால் அதை விட்டுவிட்டார்கள். வெள்ளைக்காரர் தன் போனில் தேடி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

பண்டாரவளையில் பையை எடுத்துக்கொண்டு அன்றே பூனாகலைப் பஸ் ஏறினாள். இறங்கிக் குறுக்கில் காலை வைத்தபோது அங்கே புதிதாக ஒரு பலகை நட்டிருந்தது. பக்கத்தில் கதிரை போட்டு ஒரு காவல்காரர். போட்டிக்கு ஓடுகிற ஆட்கள் இந்த வழியால் போகக்கூடாது என்றார். சப்பாத்தைப் பார்த்துவிட்டு, நீங்கள் ஓடுகிறவரா என்று கேட்டார்.

"இல்லீங்க. குடியிருக்கிறவ."

பத்து நிமிசத்தில் வீட்டில் இருந்தாள்.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கங்காணி எல்லோரையும் ஒன்பதாம் நம்பருக்குப் போகச் சொன்னார். விஜயலெட்சுமி கூடையை இறக்கி வைத்தாள். அந்தத் தாளைக் கங்காணியின் கையில் கொடுத்து, முதலில் இவர்களைக் கூப்பிடுங்கள், பிறகு போகிறோம் என்றாள். இரண்டாவதாகக் கூடையை இறக்கியது இராக்கம்மாவின் நாத்தனார். அப்புறம் வரிசையாக எல்லாக் கூடையும் இறங்கியது. கங்காணி கிளாக்கரைப் பார்த்தார், கிளாக்கர் துரையின் பங்களாப் பக்கம் பார்த்தார். ஒன்பதரை மணிக்குப் போன் போட்டார்கள். மூன்றாம் நாள் இரண்டு கூட்டையும் எடுத்தார்கள்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அன்று லயத்துக் குழாயில் தண்ணீர் நன்றாக வந்ததால் விஜயலெட்சுமி பத்து வாரத்து அழுக்குப் போர்வைகளை அடித்துத் துவைத்து, லயத்துக்கு முன்னாலிருக்கும் பாதைக்குக் குறுக்கே கொடி கட்டிக் காயப்போட்டாள். இலக்கம் குத்திய இரண்டு பெண்கள் வரைபடத்தைப் பார்த்தபடி ஓடிவந்து, போர்வைக்குக் கீழே குனிந்து போனார்கள். கொஞ்ச நேரத்தில் சங்கத்து ஆள் ஒருவர் வந்து, பாதையை மறிக்கிறதே, கொடியைக் கொஞ்சம் நகர்த்த முடியுமா என்று கேட்டார்.

காஞ்சதும் எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு அடுத்த போர்வையைப் பிழிந்தாள்.